கதையில்லாச் சகோதரம்

கலியாணத்துக்குச் சொல்லுவது என்றால் சிவனேஸ்வரிக்குக் கார்டைத் தபாலில் போட்டுவிட்டுக் கையைத் தட்டுகிற வேலை அல்ல. வட்ஸ்அப்பில் அனுப்புவது அதைவிடக் கேவலம். வீட்டுக்குப் போகவேண்டும். கதிரையில் இருக்கவேண்டும். தட்டத்தை நீட்டி, பொட்டு வைத்து, "கட்டாயம் வரோணும்" என்று வாயால் சொல்லவேண்டும். அரைக் கோப்பைத் தேத்தண்ணியாவது குடிக்காமல் எழும்பக் கூடாது. விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற கிச்சனில் விடியப்புற ஷிப்ட் அவளுக்கு. குளிர் அறையில் நின்று தட்டுத் தட்டாகப் பணிஸும் பழத்துண்டும் அடுக்கிவிட்டு, விறைத்த விரல்களை ஊதி ஊதிச் சூடாக்கிக்கொண்டு, ஹவுன்ஸ்லோ வீட்டுக்கு வந்து சீலையை மாற்றுவாள். பிறகு பஸ்ஸும் ரெயினுமாக லண்டன் முழுக்க அலைவாள். புருசன் பத்மநாதன் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தார்.

"இஞ்ச பார், நீ ஒரு போனைப் போட்டுச் சொன்னா ஆரும் வராமலோ விடப்போகினம்?"

"போனில சொல்லிறதுக்கு இதென்ன காஸ் பில்லே? பிள்ளையின்ர கலியாணம். நீங்கள் சும்மா இருங்கோ."

அவரும் சும்மா இருந்தார். முப்பது வருசத்தில் அவர் நன்றாகப் படித்த பாடம் அது.

பிள்ளை என்றது கௌசியை. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். மாப்பிள்ளை றீஸ், வேல்ஸ்காரப் பெடியன், அம்புலன்ஸ் வேலை. வெள்ளைக்காரன் என்று முதலில் வீட்டில் ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். பிறகு பெடியன் வந்து இடியப்பத்தையும் சொதியையும் கையால் பிசைந்து தின்ற வேகத்தைப் பார்த்ததும் சிவனேஸ்வரியின் மனம் இளகிப்போயிற்று. வைகாசியில் ஆர்ச்வே முருகன் கோயிலில் தாலிகட்டு.

தை மாசம் முறைப்படி பேச்சுக்கென்று வேல்ஸுக்குப் போய்வந்தார்கள். இந்தப் பக்கம் மலை, அந்தப் பக்கம் மலை, நடுவே ஒரு ஆறும் ஒரு றோட்டும். றோட்டு நெடுகத் தோளோடு தோள் ஒட்டின கல்வீடுகள். காரை விட்டு இறங்கி ஐந்து நிமிசமாகவில்லை, எதிர் வீட்டுக்காரி வந்து "நீங்கள்தானே கௌசியின்ர தாய்" என்று கேட்டாள். "எங்கட ஊர்தான், மலை மட்டும்தான் கூட" என்று சிவனேஸ்வரி புருசனின் காதில் சொன்னாள். றீஸின் தகப்பன் கரெத் இவர்களை நிலக்கரிச் சுரங்கம் இருந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே புல்லைத் தவிர ஒன்றுமில்லை. சுரங்கத்துக்கு மேலே சுற்றின பெரிய இரும்புச் சில்லில் பாதியை வெட்டி, சிவப்புப் பெயின்ற் அடித்து, சீமெந்தில் நட்டு வைத்திருந்தார்கள். கரெத்தின் தகப்பன், தகப்பனின் தகப்பன் எல்லாரும் அந்தப் புல்லுக்குக் கீழேதான் வேலை செய்தவர்கள். பாட்டனை மேற்கூரை விழுந்து கொன்றது, தகப்பனை நெஞ்சுக்குள் போன தூசி கொன்றது. கரெத் பதினாறு வயதில் இறங்கினவர். முழங்கால் உயரமே உள்ள கரிப்படைக்குள் பக்கவாட்டில் படுத்துக் கிடந்து வெட்டியிருக்கிறார். காயத்துக்குள் கரி போய் ஆறின நீலத் தழும்புகள் இன்னும் அவர் கையில் இருந்தன. நல்ல மனுசன். கதைத்தால் நிறுத்த ஏலாது. ஆனால் தம்பி ஒருவன் இருப்பதைப்பற்றி அன்றைக்கு ஒரு சொல் சொல்லவில்லை.

அதைச் சொன்னவன் றீஸ்தான். மாசிக் கடைசியில் ஒருநாள் சமையலறையில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டு, லண்டனில், சட்டன் பக்கம் தனக்கொரு சித்தப்பா இருக்கிறார், பெயர் ஹியூ, ஒவ்வொரு நத்தாருக்கும் கிறிஸ்மஸ் கார்ட் அனுப்புவார், அப்பா அவரோடு கதைப்பதில்லை என்று போகிற போக்கில் சொன்னான்.

கதையில்லை! இந்தச் சொல்லில்தான் வினை பிடித்தது. யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டை எடுத்தாலும் இரண்டு வீட்டோடு கதையில்லாமல்தான் இருக்கும். வேலிக் கதியாலுக்குச் சண்டை, செத்தவீட்டில் முதலில் தனக்குச் சொல்லவில்லை என்று சண்டை. கதையில்லாதவர்கள் கோயில் வீதியில் எதிரெதிரே வந்தால் வானத்தைப் பார்ப்பார்கள். ஒரு கலியாணம் வரும். யாராவது ஒரு பெண் தட்டத்தோடு படியேறுவாள். கதையில்லாதவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து முதல் ஆளாய்ப் பந்தலுக்குக் கிடுகு தூக்குவான். சிவனேஸ்வரி தன் கண்ணால் எத்தனை கண்டிருப்பாள்! ஆகவே அவள் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. றீஸிடம் விலாசத்தை மட்டும் வாங்கிக்கொண்டாள், கார்ட் அனுப்ப என்று சொல்லி.

அடுத்த சனிக்கிழமை தட்டத்தில் வெற்றிலை, பாக்கு, கற்கண்டு, குங்குமம் வைத்து, ஒரு டப்பாவில் பயத்தம் உருண்டையும் எடுத்துக்கொண்டு அவள் சட்டனுக்குப் போனாள். கதவைத் திறந்தவர் உயரமான, வழுக்கைத் தலை மனுசன். கரெத்தின் அதே மூக்கு. முப்பது வருசம் லண்டன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனிசி போன வருசம் செத்துப்போனாள். மகள் அவுஸ்திரேலியாவில். வீடு துப்புரவாய் இருந்தது, ஆனால் ஆள் வந்துபோகாத வீடென்று பார்த்தவுடன் தெரிந்தது.

அவர் இங்கிலீசில் பேசினார், அவளும் தனக்குத் தெரிந்த இங்கிலீசில் பேசினாள். அவள் காதுக்குள் போகும்போது எல்லாரும் பேசுவது தமிழாகத்தான் போகும், ஆகவே நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

"நான் றீஸின்ர மாமி. மே மாசம் கலியாணம். நீங்கள் சித்தப்பா, முன்னுக்கு நிக்கோணும்."

ஹியூ கார்டை இரண்டு கையாலும் வாங்கினார். "கரெத்துக்குத் தெரியுமோ, நீங்கள் வந்தது?"

"நாங்கள் சொன்னா அவையள் சொன்ன மாதிரித்தான்."

"அவனுக்குத் தெரியுமோ?" என்று இரண்டாந்தரமும் கேட்டார்.

"ஓம் ஓம், எல்லாம் தெரியும்" என்றாள் சிவனேஸ்வரி. நல்ல காரியத்துக்குச் சொல்லுகிற பொய் கணக்கில் வராது என்பது அவளுடைய கட்சி. எழும்பிப்போய் அந்த வழுக்கை நெற்றியில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்துவிட்டாள். மனுசன் குனிந்து காட்டினார். அவள் றோட்டுமுனையில் திரும்பிப் பார்த்தபோது, பொட்டும் தானுமாகப் படியிலேயே நின்றுகொண்டிருந்தார். சிவனேஸ்வரிக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பஸ்ஸில் வரும்போது தானாகவே சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கரெத்தின் மனிசி மரியனுக்குப் போன் போட்டாள். "ஆருக்குச் சொல்லிப்போட்டு வாறன் எண்டு சொல்லுங்கோ பாப்பம்!" என்று தொடங்கினாள். பெயரைச் சொன்னதும் மற்றப் பக்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. லைன் அறுந்துவிட்டதாக்கும் என்று இவள் "ஹலோ, ஹலோ" என்று கத்தினாள்.

"ஐயோ, சிவா" என்றாள் மரியன். "என்ன வேலை பாத்தனீங்கள்!"

மறுநாள் மத்தியானம் கரெத் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு ஹவுன்ஸ்லோவுக்கு வந்து இறங்கினார். அறுபத்தெட்டு வயது மனுசன், வழியில் எங்கும் நிற்காமல் வந்திருந்தார். சிவனேஸ்வரி பதறிப்போய்ச் சோறு வைத்து, கத்தரிக்காய்க் குழம்பு, பருப்பு, கோழிப் பொரியல் என்று மேசையை நிரப்பினாள். மனுசன் ஒழுங்காகச் சாப்பிட்டார், நல்லாயிருக்கு என்றும் சொன்னார். சாப்பிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து இருந்த பிறகுதான் வாயைத் திறந்தார். பத்மநாதன், கௌசி, சிவனேஸ்வரி மூவரும் மேசையைச் சுற்றி இருந்தார்கள். றீஸ் ஷிப்டில்.

"சிவா, நீங்கள் நல்ல மனசோட செய்தது. எனக்கு அதில கோபமில்லை. ஆனா அவன் வாற மண்டபத்துக்கு நான் வரமாட்டன். நான் மட்டுமில்லை. ஊரில இருந்து ஒரு கோச் நிறைய ஆக்கள் வர இருக்கினம். ஒரு குஞ்சும் வராது."

"கூடப்பிறந்த தம்பியெல்லோ, கரெத் அண்ணை!"

"ஓம். அதுதான்."

"அப்பிடி என்ன செய்தவர்? காணிச் சண்டையோ?"

"வேலைக்குப் போனவன்" என்றார் கரெத்.

சிவனேஸ்வரி பத்மநாதனைப் பார்த்தாள், கௌசியைப் பார்த்தாள். தனக்குத்தான் இங்கிலீசு பிழைத்துவிட்டதோ என்று நினைத்தாள். "வேலைக்குப் போனவரோ? களவுக்குப் போகேல்ல, வெட்டுக்குப் போகேல்ல. வேலைக்குப் போனதுக்கோ இவ்வளவு காலம் கதையாமல் இருக்கிறியள்?"

"ஸ்ட்ரைக் நேரம்" என்றார் கரெத். பிறகு விளக்கினார். அவசரப்படவில்லை.

எண்பத்துநாலாம் ஆண்டு பங்குனியில் தொடங்கினது. சுரங்கங்களை மூடப்போகிறோம் என்று அரசாங்கம் சொன்னதும் ஆட்கள் கருவிகளை வைத்துவிட்டு மேலே வந்தார்கள். ஒரு வருசம் சம்பளமில்லை. பெண்கள் தொழிலாளர் மண்டபத்தில் பெரிய அடுப்புப் போட்டு ஊருக்கே சமைத்தார்கள். மரியன் அப்போது இருபத்தைந்து கிலோ உருளைக்கிழங்கு மூட்டையை ஒரு கையால் தூக்குவாள். நத்தாருக்குப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் பிறதேசத் தொழிற்சங்கங்கள் அனுப்பின. கரி வெட்டுகிற ஊரில் எரிக்கக் கரியில்லாமல், பனிக்குள் சுரங்கக் கழிவுக் குன்றில் ஏறிக் கையால் கிண்டிப் பொறுக்கினார்கள். பக்கத்து ஊர்களிலும் அப்படித்தான். அந்தப் பள்ளத்தாக்கில் மாசி வரைக்கும் ஒரு ஆள் உடைந்து வேலைக்குப் போகவில்லை.

"மாசியில ஒரு நாள் காலமை," என்றார் கரெத், "கம்பி வலை அடிச்ச பஸ் ஒண்டு வந்தது. பொலிஸ் ரெண்டு பக்கமும். உள்ளுக்கு ஒரேயொரு ஆள், தலையில கோட்டை மூடிக்கொண்டு. நாங்கள் கேற்றில நிண்டு கத்தினம். நானும்தான் கத்தினன், வாயில வந்தது எல்லாம். பஸ் திரும்பேக்க கோட் விலகிச்சுது."

அவர் தண்ணீரைக் குடித்தார்.

"அவன்ர மனிசிக்கு அப்ப ஆறு மாசம். வீட்டில நெருப்பில்லை. எனக்குத் தெரியும். என்னட்டக் கேட்டிருந்தா என்ர கதவைக் கழட்டி எரிச்சிருப்பன். கேக்கேல்ல. ரெண்டு கிழமையில ஸ்ட்ரைக்கும் முடிஞ்சுது. நாங்கள் தோத்துப்போனம், அது சரி. பாண்ட் வாத்தியம் அடிச்சு, கொடி பிடிச்சு எல்லாரும் ஒண்டா நடந்துபோய் வேலைக்கு இறங்கினம். ஒண்டாத் தோத்தம், சிவா. எங்களிட்ட மிச்சம் இருந்தது அது ஒண்டுதான். அந்த ரெண்டு கிழமையை அவன் பொறுத்திருக்கலாம்."

பத்மநாதன் தமிழில் மனிசியிடம் சொன்னார்: "உதுக்குத் தமிழில ஒரு சொல் இருக்கு. கருங்காலி."

"அது மரமெல்லோ? உலக்கை செய்யிறது."

"மரம்தான். வேலைநிறுத்தத்தை உடைக்கிறவனுக்கும் அதுதான் பேர். உனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுறன். துரோகி. ஊரில இயக்கப் பெடியள் சுட்டு லைட் கம்பத்தில கட்டிவிட்டவங்களெல்லே? பேந்து அந்த வீட்டில ஆரும் ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிச்சவையோ?"

சிவனேஸ்வரியின் முகம் செத்துப்போயிற்று. அது நன்றாக விளங்கியது.

"அந்த மனுசன் சொல்லிறது சரி," என்றார் பத்மநாதன். "நீ போய் அவரை வரவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு வா."

"என்ன விசர்க்கதை கதைக்கிறியள்! தட்டம் குடுத்துப் பொட்டு வைச்சுச் சொன்னதைத் திருப்பி வாங்கிறதோ? எங்கட பரம்பரையில ஆரும் செய்திருக்கினமோ? அதைவிட அவரைச் செருப்பால அடிக்கலாம்." கரெத்தின் பக்கம் திரும்பி இங்கிலீசில் சொன்னாள்: "எங்கட முறையில கூப்பிட்டதைக் கூப்பிடேல்ல எண்டு சொல்ல ஏலாது. உங்களுக்கு வேண்டாமெண்டா நீங்களே போய்ச் சொல்லுங்கோ."

கரெத் அவளைப் பார்த்தார். "நான் அவனோட கதைக்கமாட்டனே" என்றார்.

சண்டையாய்ச் சொல்லவில்லை. இரவில் தனக்குக் கண் தெரியாது என்று ஒருவர் சொல்லுவதைப்போலச் சொன்னார். வராதே என்று தம்பியிடம் சொல்லவேண்டுமென்றால் தம்பியோடு கதைக்கவேண்டும். கதைத்தால் நாற்பது வருசம் வீண். சிவனேஸ்வரிக்குச் சொன்னதை மீட்க ஏலாது, கரெத்துக்கு வாயைத் திறக்க ஏலாது. அவள் முறை அவளைப் பிடித்தது, அவர் முறை அவரைப் பிடித்தது. நடுவில் கிடந்து அவிந்தது கௌசி.

"அம்மா," என்றாள் கௌசி. பேச்சு இங்கிலீசில்தான் வரும் அவளுக்கு, கோபம் வந்தால் மட்டும் தமிழ் வரும். "றீஸின்ர அப்பா இல்லாமல் நான் மணவறையில இருக்கமாட்டன். அவன் இருக்கவும் மாட்டான். நீங்கள்தான் கேக்காமல் போனனீங்கள். நீங்கள்தான் சரிப்படுத்தோணும்." சொல்லிவிட்டு மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். சமையலறை வரைக்கும் கேட்டது.

பெத்த மனம் என்ன செய்யும்? திங்கட்கிழமை கிச்சனில் லீவு சொல்லிவிட்டுச் சிவனேஸ்வரி புறப்பட்டாள். பத்மநாதனுக்கு ஷிப்ட். இரவு அவர்கள் வீட்டிலேயே தங்கின கரெத், நானே கொண்டுபோய் இறக்கிவிடுகிறேன், முடிந்தது என்று கேட்டுக்கொண்டு நேரே ஊருக்குப் போகிறேன் என்றார். இந்த முறை தட்டமில்லை. வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போகவும் மனமில்லாமல், சீப்பு வாழைப்பழம் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டாள்.

பங்குனி மழை. ஊசி ஊசியாய் விழுகிற லண்டன் மழை. றோட்டு அடைத்துக்கொண்டு கிடந்தது. கரெத் வைப்பர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு வந்தார். சிவனேஸ்வரி மனதுக்குள் சொற்களை அடுக்கிக்கொண்டு வந்தாள். "மன்னிக்கோணும்" என்று தொடங்கலாமா, "ஒரு பிழை நடந்துபோச்சு" என்று தொடங்கலாமா? எப்படித் தொடங்கினாலும் முடிவு நாறலாய்த்தான் இருந்தது.

"வேலை முடிஞ்சு மேல வந்தா எல்லாருக்கும் ஒரே குளிப்பறை," என்று கரெத் திடீரென்று சொன்னார். "வரிசையா ஷவர். உடம்பெல்லாம் கரி. மற்ற இடமெல்லாம் நீயே தேச்சுக்கொள்ளலாம், முதுகுக்கு மட்டும் ஆள் வேணும். பக்கத்தில நிக்கிறவன் தேய்ப்பான், நீ அவனுக்குத் தேய்ப்பாய். ஆர் எவன் எண்டெல்லாம் இல்லை. மனேச்சரைப் பிடிக்காது, பக்கத்து வீட்டுக்காரனைப் பிடிக்காது, ஆனா முதுகு தேய்ப்பம்."

"ம்."

"ஸ்ட்ரைக் முடிஞ்சு ஒரு ஆறேழு மாசம் சுரங்கம் ஓடினது, பேந்து எங்கட சுரங்கத்தையும் மூடிப்போட்டாங்கள். அவன் ஒவ்வொரு நாளும் வேலைக்கு வந்தான். ஒருத்தரும் அவனுக்கு முதுகு தேய்க்கேல்ல. கறுத்த முதுகோட சேட்டைப் போட்டுக்கொண்டு வீட்டை போவான். ஒரு நாள் எனக்குப் பக்கத்து ஷவர். சுவரைப் பாத்துக்கொண்டு நிண்டான். கேக்கேல்ல. சவுக்காரம் என்ர கையில இருக்கு."

சிவனேஸ்வரி அவர் பக்கம் திரும்பினாள்.

"இப்ப எண்டாலும் அதைத்தான் செய்வன்," என்றார் கரெத். "நல்லது கெட்டது அதில ஒண்டுமில்லை. ஊர் எண்டா அப்பிடித்தான் நிண்டது. நான் தேய்ச்சிருந்தா என்ர முதுகை ஒருத்தன் தேய்ச்சிருக்கமாட்டான்."

இந்த மனுசனைத் திட்டவேண்டும் போலவும் இருந்தது, சாப்பிட்டீங்களோ என்று கேட்கவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

ஹியூவின் தெருவில் இரண்டு பக்கமும் பேர்மிட் உள்ளவர்களுக்கு மட்டும் என்று போர்ட் நட்டிருந்தது. தெருமுனையில் பார்க்கிங் வார்டன் ஒருவன் மழைக்கோட்டோடு நின்று ஒரு வானுக்கு அபராதத் துண்டு எழுதிக்கொண்டிருந்தான். "நீங்கள் இறங்குங்கோ," என்றார் கரெத். "ரெண்டு நிமிசம்தானே. நான் சுத்திக்கொண்டு வாறன்." வீட்டுப் பக்கம் அவர் தலை திரும்பவில்லை.

ஹியூ கதவைத் திறந்து, வாங்கோ என்று உள்ளே கூப்பிட்டார். சிவனேஸ்வரி அடுக்கி வைத்த சொற்களெல்லாம் எங்கேயோ போய்விட்டன. "சுகமா இருக்கிறியளோ?" என்று கேட்டாள். அவர் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார். அவள் வாழைப்பழத்தைக் கொடுத்தாள். மழையைப்பற்றிக் கதைத்தாள். அவுஸ்திரேலியாவிலும் மழையோ என்று விசாரித்தாள். முன் யன்னலுக்கு வெளியே வெள்ளிநிறக் கார் ஒன்று மெதுவாகப் போயிற்று. கொஞ்ச நேரத்தில் அதே கார் மறுபடி போயிற்று. கார்டை ஹியூ கணப்படுப்புக்கு மேலே, செத்துப்போன மனிசியின் படத்துக்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருந்தார். அதைக் கண்டதும் சிவனேஸ்வரிக்குத் தேத்தண்ணி இறங்கவில்லை.

"ஹியூ அண்ணை," என்று தொடங்கி நிறுத்திவிட்டாள்.

"அந்தக் கார் மூண்டாந்தரம் போகுது" என்றார் ஹியூ.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அவனோ?"

"ஓம்."

"என்னை வரவேண்டாமெண்டு சொல்ல வந்தனீங்கள்."

சிவனேஸ்வரிக்குக் கண் நிறைந்துவிட்டது. "எனக்கு வாய் வரேல்ல, அண்ணை. சத்தியமா வரேல்ல."

"சொல்லாதேங்கோ," என்றார் ஹியூ. "நீங்கள் அதைச் சொல்லத் தேவையில்லை." அவர் எழும்பிப்போய் யன்னலோடு நின்றார். கார் வராத தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவர் செய்தது அவள் எதிர்பாராத ஒன்று. கூடத்து மேசை இழுப்பறையைத் திறந்து கிளறி, விருந்தாட்களின் காருக்கு வைக்கிற பேர்மிட் மட்டையை எடுத்தார். புதுக் கட்டு, ஒன்றுகூடக் கிழிக்காதது. பேனையால் தேதி போட்டார். "பைன் அடிச்சுப்போடுவாங்கள்" என்றார். வீட்டுச் செருப்போடு, குடையில்லாமல் வெளியே போய் நடைபாதை விளிம்பில் நின்றார்.

சிவனேஸ்வரி வாசற்படிக்கு வந்தாள். கார் முனையில் திரும்பி வந்தது. ஹியூ மட்டையை நெஞ்சளவில் பிடித்துக்கொண்டு நின்றார். கரெத் நேரே பார்த்துக்கொண்டு போய்விட்டார். மழை ஹியூவின் வழுக்கையில் விழுந்து ஓடியது. அவர் உள்ளே வரவில்லை. கார் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டு வந்தது. இந்த முறை மெதுவாகி, பிறேக் வெளிச்சம்கூடச் சிவந்து, பிறகு போய்விட்டது. "வாயைத் திறந்தா முத்தோ கொட்டுப்பட்டுப்போகும்!" என்று சிவனேஸ்வரி படியில் நின்று தமிழில் கத்தினாள். "நிப்பாட்டுமன், கோதாரி விழுவாரே!" சம்பந்தியைத் திட்டுகிறோம் என்ற யோசனையே அவளுக்கு அப்போது வரவில்லை.

அடுத்த சுற்றில் கார் தெரு நடுவிலேயே நின்றது. கண்ணாடி நாலு விரல் அளவுக்கு இறங்கியது. ஹியூ மட்டையை அந்த இடைவெளியால் உள்ளே விட்டார். உள்ளேயிருந்து ஒரு கை அதை வாங்கியது. அண்ணனும் ஒரு சொல் சொல்லவில்லை, தம்பியும் சொல்லவில்லை. பின்னால் வந்த டெலிவரி வான்காரன் ஹோர்ன் அடித்துக் கத்தினான். கண்ணாடி ஏறியது. கார் எதிர்ப்பக்கத்து வெறும் இடத்தில் ஒதுங்கி நின்றது.

ஹியூ நனைந்துபோய் வந்தார். துவாயை எடுத்துத் தலையைத் துடைத்துக்கொண்டு, கணப்படுப்பைப் பார்த்தபடி சொன்னார்: "அவனிட்டச் சொல்லுங்கோ, நான் வரேல்ல எண்டு. கூப்பிட்டவை, நான்தான் வரேல்ல. அப்பிடியே சொல்லுங்கோ, ஒரு சொல் மாத்தாமல்."

"கார்டு?"

"அது என்னட்ட இருக்கட்டும். என்ர பேரில வந்ததுதானே."

சிவனேஸ்வரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தெருவைக் கடந்து காருக்குள் ஏறினாள். கரெத் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு இருந்தார். மட்டை முன்கண்ணாடிக்குக் கீழே ஒழுங்காக, எழுத்து வெளியே தெரியும்படி வைக்கப்பட்டிருந்தது.

"அவர் வரேல்லயாம்," என்றாள். "கூப்பிட்டவையாம், தான்தான் வரேல்லயாம். ஒரு சொல் மாத்தாமல் சொல்லச் சொன்னவர்."

கரெத் தலையாட்டினார். வந்த காரியம் முடிந்தது. கலியாணத்துக்கு அவர் வரலாம், கோச் நிறைய ஊரும் வரலாம். கௌசிக்கு இன்றைக்கே போன் போட்டுச் சொல்லலாம். சிவனேஸ்வரி பெல்ட்டை இழுத்துப் போட்டாள். மழை கூடியிருந்தது. எதிரே தன் வீட்டு யன்னலில் ஹியூ துவாயும் கையுமாக நின்றார்.

"வெளிக்கிடுவமே, கரெத் அண்ணை? உங்களுக்கும் ஊர் தூரமெல்லோ."

கரெத் மட்டையைப் பார்த்தார். "இது பின்னேரம் வரைக்கும் செல்லும்" என்றார். திறப்பு ஸ்டியரிங்குக்குப் பக்கத்துப் பூட்டிலேயே தொங்கியது. அவர் அதைத் திருகவில்லை.